ஆணி வேண்டாத ஜன்னல்

என் அப்பாவுக்கு இரண்டு விஷயங்களில் அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. ஒன்று, விஞ்ஞானம். மற்றொன்று, சுத்தியலைக் கையில் எடுத்த மனிதன் எதையும் சரிசெய்துவிடலாம் என்பது. விஞ்ஞானத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. சுத்தியல் விஷயத்தில் அப்பா நினைத்தது தவறு என்பதற்கு எங்கள் வீட்டு நாற்காலிகளே சாட்சி. அவர் ஒருமுறை சரிசெய்த நாற்காலியில் விருந்தாளிகளை உட்காரவைப்பதில்லை. உறவினர்களை மட்டும் உட்காரவைப்போம்.

அப்பா துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தார். பினாங்கு ஜார்ஜ் டவுனில், வரிசை வீடுகள் நிறைந்த ஒரு தெருவில், மாடியில் நாங்கள் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரம்மா. சீனப் பெண்மணி, ஆனால் நாலு தலைமுறையாகப் பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த குடும்பம். சீன மொழியைவிட மலாய்தான் அவருக்குச் சரளமாக வரும். எங்களுக்கும் அவருக்கும் நடந்த பேச்செல்லாம், சண்டை உட்பட, மலாயில்தான். பெரிய யுத்தம் முடிந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். எனக்கு ஏழு வயது. அம்மாவுக்கு ஏழாவது மாதம்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் விடியற்காலை சுமத்ராப் பக்கத்திலிருந்து வழக்கமான புயல்காற்று அடித்து, அம்மாவின் அறை ஜன்னலைப் பெயர்த்துக்கொண்டு போனது. கதவுகள் இரண்டும் தெருவில் கிடந்தன. சட்டத்தைக் கறையான் ஏற்கெனவே தின்று முடித்திருந்ததால் அது விழுந்தது என்று சொல்ல முடியாது, உதிர்ந்தது. சுவரில் ஒரு பெரிய சதுர ஓட்டை. அதன் வழியே மழை நேராக அம்மாவின் கட்டிலுக்கு வந்து சேர்ந்தது.

வீட்டில் எல்லோரும் கவலைப்பட்டார்கள், அப்பாவைத் தவிர. அவர் மாலையில் வேலை முடிந்து வரும்போது பித்தளைக் கீல்கள், திருகாணிகள், ஒரு பொட்டலம் ஆணி எல்லாம் வாங்கிக்கொண்டு, கிறிஸ்துமஸுக்குத் துணி எடுத்து வந்தவர்போல முகமலர்ச்சியோடு படியேறினார். சட்டையைக் கழற்றினார். சுத்தியலை ஓங்கினார். ஓங்கிய கை இறங்குவதற்குள் வீட்டுக்காரம்மா மாடிக்கு வந்துவிட்டார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அந்தப் படிகளை அவ்வளவு வேகமாக ஏறியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன்.

"பாக்கு தா போலே!" என்று கத்தினார். ஆணி கூடாது என்று அர்த்தம். "வயித்துல பிள்ளையை வச்சுக்கிட்டு ஒருத்தி படுத்திருக்கா, நீ சுத்தியலைத் தூக்குறியா கிராணி?"

அப்பாவுக்குப் புரியவில்லை. வீட்டுக்காரம்மா சுத்தியலைப் பிடுங்கி, தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு விளக்கினார். பிறக்கப்போகிற குழந்தையின் உயிர் வயிற்றுக்குள்ளேயே அடைந்து கிடக்காதாம். வீடு முழுக்கச் சுற்றுமாம். "இன்னிக்கு அடுப்புல இருக்கும், நாளைக்குக் கதவுல இருக்கும், மறுநாள் ஜன்னல்ல இருக்கும். நீ அடிக்கிற நேரத்துல அது எங்க உக்காந்திருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

மூடநம்பிக்கை என்பதற்கு மலாயில் என்ன வார்த்தை என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. ஆகவே அதை இங்கிலீஷில் சுவரைப் பார்த்துச் சொன்னார். பிறகு தமிழுக்கு மாறி அம்மாவிடம் நியாயம் கேட்டார். "நீயே சொல்லு. நாம வேதக்காரங்க. இதையெல்லாம் நாம நம்பலாமா?"

"நான் நம்பலைங்க," என்றாள் அம்மா. "ஆனா அடிக்க வேணாம்."

எனக்கும் அம்மாவின் வயிற்றில் இருந்த குழந்தைக்கும் நடுவில் இரண்டு பேர் வந்து போயிருந்தார்கள். இரண்டு பேருமே பிறந்து ஓர் அழுகை அழுவதற்குள் முடிந்துபோனார்கள். வீட்டில் அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அப்பா ஒரு நிமிடம் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வீட்டுக்காரம்மாவிடமிருந்து சுத்தியலை வாங்கி மூலையில் வைத்துவிட்டு, சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் வீட்டுக்காரம்மா தன் ஆசாரியைக் கூட்டிவந்தார். காண்டன் பக்கத்துக்காரர், வயதான சீனர்களை ஊரில் எல்லோரும் கூப்பிடுகிறபடி நாங்களும் அவரை அபெக் என்றோம். அவருக்குத் தெரிந்த மலாய் மொத்தம் இருபது சொற்கள். அதிலும் பாதியைத்தான் செலவழிப்பார். வந்தவுடன் ஓட்டையை ஒரு மூங்கில் குச்சியால் அளந்து, குச்சியில் நாலைந்து கீறல் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

உளி வேலை எங்கே செய்வது என்று ஒரு பிரச்சினை வந்தது. வீட்டுக்குள் கொத்தக் கூடாது. வாசலில் அஞ்சடி நடைபாதையில் செய்யலாமா என்றால், அதற்கு மேலே இருக்கிற கூரை இந்த வீட்டுக் கூரைதானே என்றார் வீட்டுக்காரம்மா. கடைசியில் தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த அங்சானா மரத்தடி அனுமதிக்கப்பட்டது. குழந்தையின் உயிர் தெருவைத் தாண்டாதாம். எங்கள் தெருவில் ரிக்‌ஷாக்கள் ஓடிய வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அது புத்திசாலித்தனமான உயிர் என்று தோன்றும்.

மூன்று நாள் மரத்தடியில் வேலை நடந்தது. அப்பா ஆபீசுக்குப் போகும்போதும் வரும்போதும் நின்று பார்த்து, இது நிற்காது என்று தினம் இரண்டு வேளை தீர்ப்புச் சொன்னார். மூன்றாம் நாள், சனிக்கிழமை மத்தியானம், அபெக் கட்டைகளையெல்லாம் ஒவ்வொன்றாக மாடிக்குத் தூக்கிவந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின். வேறு ஒரு கருவியும் கிடையாது. அதுதான் அப்பாவை அவமதித்தது என்று நினைக்கிறேன்.

சுவரின் இரண்டு பக்கத்திலும் பழைய சட்டம் விட்டுப்போன குழிகள் இருந்தன. ஒரு பக்கம் ஆழம் அதிகம், மறுபக்கம் குறைவு. அபெக் அடிக்கட்டையை ஆழமான குழிக்குள் முழுக்கச் செருகினார், பிறகு எதிர்ப்பக்கமாக இரண்டு விரற்கடை இழுத்தார். கட்டை இரண்டு குழியிலும் உட்கார்ந்துவிட்டது. மேல்கட்டையும் அப்படியே. நிற்கிற கட்டைகளின் முனையில் நாக்கு செதுக்கியிருந்தார். கிடக்கிற கட்டைகளில் அந்த நாக்குக்கு அளவான வாய். நாக்கு வாய்க்குள் போயிற்று. கதவுகளுக்குக் கீல் கிடையாது. ஒவ்வொரு கதவின் மேலும் கீழும் ஓரத்தில் கட்டைவிரல் போல ஓர் உருண்டை முனை. கதவைத் தூக்கி மேல்முனையை மேலே இருந்த துளைக்குள் விட்டு, மெதுவாக இறக்கிக் கீழ்முனையைக் கீழே இருந்த துளையில் வைத்தார். ஒரு விரலால் தள்ளினார். கதவு சத்தமில்லாமல் திறந்தது.

பிறகு பிஸ்கட் டின்னைத் திறந்தார். உள்ளே ஆணிபோலச் சீவிய மூங்கில் முளைகள். கரியடுப்பில் இரும்புச் சட்டி வைத்து, ஈரம் துளியும் இல்லாமல் வறுத்து எடுத்தவை. டின் மூடியைச் சுற்றி மெழுகு வேறு பூசியிருந்தார். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு முளையை வைத்துப் பெருவிரலால் அழுத்தினார். அவ்வளவுதான். வீட்டுக்காரம்மா பக்கத்தில் நின்று, எந்த இடத்திலாவது தட்டுகிறாரா என்று கண்கொட்டாமல் காவல் காத்தார். தட்டவில்லை.

அப்பா முன்னால் போய்ச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். அது லேசாக ஆடியது. அப்பாவின் முகத்தில் நாலு நாளாக இல்லாத வெளிச்சம் வந்தது.

"ஆடுது பார்! ஆடுது! நான் சொன்னேனா இல்லியா?"

அபெக் வானத்தைக் காட்டினார். "ஹுஜான் ஜாடி பாக்கு," என்றார். மழை ஆணியாகும். முதல் மழைக்குப் பிறகு வந்து பார்ப்பதாகச் சைகை காட்டிவிட்டு, காலி டின்னை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மழை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தது. நின்றதும் அப்பா போய் ஆட்டினார். ஆடவில்லை. ஒரு காலைச் சுவரில் முட்டுக்கொடுத்துக்கொண்டு ஆட்டினார். சுவர் ஆடியிருக்குமே தவிர ஜன்னல் ஆடியிருக்காது. ஈரத்தில் முளைகள் ஊறிப் பருத்து, அந்த ஜன்னல் முழுவதும் ஒரே மரத்தில் முளைத்ததுபோல இறுகிவிட்டது. அப்பா பித்தளைக் கீல்களைத் துணியில் சுற்றி, காலமானவர்களின் சாமான்களை வைப்பதுபோலப் பெட்டிக்கு அடியில் வைத்தார்.

அதே ஞாயிறு காலையில் அவர் இன்னொரு காரியமும் செய்திருந்தார். புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிற அன்னம்மாள் கோவிலுக்கு அம்மா ஒரு நேர்ச்சை வைத்திருந்தாள். அம்மாவால் பயணம் செய்ய முடியாததால் அப்பா அக்கரைக்குப் படகேறி, ரயிலேறிப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்ட அன்னம்மாள் படம் ஒன்றும் வாங்கிவந்தார். மாதாவுக்கே தாய் அல்லவா. பிள்ளைபெறுகிறவர்களுக்கு அன்னம்மாளைவிட்டால் யார் துணை?

படம் வந்துவிட்டது. மாட்டுவதற்கு ஆணி இல்லை. அம்மா அதை ஜன்னல் கட்டையின் மேல் சாத்திவைத்தாள். காற்று வேண்டி ஜன்னலைத் திறக்கும்போதெல்லாம் எடுத்துத் தரையில் வைக்க வேண்டியிருந்தது. திங்கட்கிழமை காலையில் அப்பா அவசரமாக ஆபீசுக்குக் கிளம்பும்போது அன்னம்மாளைத் தாண்டிக்கொண்டு போனார். அம்மா பதறிச் சிலுவை போட்டுக்கொண்டாள். "தலைமாட்டுல மாட்டினா நல்லா இருக்கும்," என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

நான் அப்போது சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் முதல் பாவசங்கீர்த்தனத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தவன். வேத விஷயங்களில் என் அறிவு உச்சத்தில் இருந்த காலம் அது; அதற்குப் பிறகு இறக்கம்தான். நான் இப்படி யோசித்தேன். ஆணி அடித்தால் பிள்ளைக்குக் கெடுதல். அன்னம்மாள் பிள்ளையைக் காப்பவள். அன்னம்மாளையே தாங்கப்போகிற ஆணி எப்படிக் கெடுதல் செய்யும்? செய்யாது. வேண்டுமானால் பாதுகாப்புக்காக அடிக்கு ஒரு பிரியதத்த மந்திரம், அந்த மாதா ஜெபம், சொல்லிக்கொள்ளலாம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீட்டுக்காரம்மா வழக்கம்போலச் சீட்டாடப் போனார். அம்மா பின்னறையில் பாயில் படுத்திருந்தாள். தூங்குகிறாளா என்று போய்ப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. ஏழு வயதுக்கு அதற்குமேல் அத்தாட்சி தேவைப்படுவதில்லை. பொட்டலத்திலிருந்து ஓர் ஆணி எடுத்தேன். சுத்தியலின் தலைக்கு அப்பாவின் காலுறையை மாட்டினேன். அறைச்சுவர் முழுக்கச் சுண்ணாம்பு உதிரும் சுவர், ஆணியை ஏற்காது. அபெக்கின் ஜன்னல் சட்டம்தான் இருப்பதிலேயே உறுதியாகத் தெரிந்தது. என் கைக்கு எட்டிய உயரத்தில், நிற்கிற கட்டையில், ஆணியை வைத்து அடித்தேன்.

மந்திரம் சொன்னேன், அடித்தேன். சொன்னேன், அடித்தேன். ஆணி பாதி இறங்கி, முழங்காலிட்டதுபோல மடங்கிவிட்டது. நிமிர்த்துவதற்காக இன்னும் நாலு அடி அடித்தபோது கட்டையில் 'சிட்' என்று ஒரு சத்தம். ஆணியிலிருந்து கீழே முளை இருந்த மூட்டுவரைக்கும் தலைமயிர் அகலத்துக்கு ஒரு விரிசல். பிடுங்கிப் பார்த்தேன். வரவில்லை. அன்னம்மாளை எடுத்து அந்தக் கட்டையோடு சாத்தி ஆணியை மறைத்துவிட்டு, சுத்தியலை வைத்துவிட்டு, காலுறையோடு கீழே ஓடினேன்.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அம்மா கூப்பிட்டாள். போனேன். தன் அறைக் கட்டிலுக்கு வந்திருந்தாள். கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த கை வெளுத்திருந்தது. "கீழ போய் அவங்க வந்துட்டாங்களான்னு பாரு ராசா. வந்திருந்தா வரச் சொல்லு."

நான் இறங்கிய அந்தப் பதினெட்டுப் படிகளைப் போல நீளமான வழி எதையும் அதன்பின் நடந்ததில்லை. வீட்டுக்காரம்மா அப்போதுதான் வாசலில் இறங்கிக்கொண்டிருந்தார். சொன்னேன். நான் முன்பு குறிப்பிட்ட அந்த இரண்டாவது தடவை படியேறியது அப்போதுதான். வந்த ரிக்‌ஷாவையே மலாய் மருத்துவச்சியைக் கூட்டிவரத் திருப்பி அனுப்பிவிட்டு, கையில் சிவப்பு அட்டை போட்ட பஞ்சாங்கத்தோடு மேலே வந்தார்.

அம்மாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பஞ்சாங்கத்தைப் புரட்டினார். பிள்ளையின் உயிர் அன்றைக்கு எங்கே என்று போட்டிருந்த பக்கத்தில் விரல் நின்றது. மெதுவாகத் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தார்.

"இன்னிக்கு ஜன்னல்," என்றார். "யாராவது ஜன்னல்ல அடிச்சீங்களா?"

அங்கே இருந்ததே நானும் அம்மாவும்தான். அவர் ஜன்னலிடம் போனார். ஒரு கதவை ஆட்டிப் பார்த்தார். மற்றொன்றை ஆட்டினார். அடிக்கட்டையில் விரலை வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். விரல் அன்னம்மாளிடம் வந்து நின்றது. எந்தச் சாமியானாலும் மரியாதை கொடுக்கிறவர் அவர். இரண்டு கையையும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு படத்தை எடுப்பதற்காகக் கையை நீட்டினார்.

"நானாஸ்!" என்றாள் அம்மா கட்டிலிலிருந்து. நானாஸ் என்றால் அன்னாசிப்பழம். "நான் நானாஸ் தின்னுட்டேன். காலையில. யாருக்கும் தெரியாம."

நீட்டிய கை நெற்றிக்குப் போனது. 'பட்' என்று அடித்துக்கொண்டார். கர்ப்பிணி அன்னாசி தின்னக் கூடாது என்பது தமிழர், சீனர், மலாய்க்காரர் மூவரும் ஒருமனதாக ஒப்புக்கொண்ட ஒரே விஷயம். வீட்டுக்காரம்மா அழாத குறையாகத் திட்டினார். வந்த மருத்துவச்சி எண்ணெய் தடவிக்கொண்டே திட்டினார். அப்பா ஆபீசிலிருந்து ஓடிவந்து, விஷயம் தெரிந்ததும், "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, நாக்கைக் கட்ட முடியலையா உனக்கு?" என்று குரல் உடையத் திட்டினார். அம்மா வலி வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள்.

எனக்கோ, தூக்குமேடையிலிருந்து இறக்கிவிட்டதுபோல இருந்தது. ஆணி இல்லை. அன்னாசி!

வலி இரண்டு நாள் வந்து வந்து போய், மூன்றாம் நாள் நின்றது. அம்மா படுக்கையைவிட்டு எழக் கூடாது என்று உத்தரவு. வீட்டுக்காரம்மா தினம் காலையும் மாலையும் கஞ்சி காய்ச்சித் தானே மாடிக்கு எடுத்துவந்தார். கிண்ணத்துக்கு ஒரு திட்டு வீதம் கூடவே வந்தது. வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அம்மாவின் தலைமாட்டில், ஜன்னலின் நிற்கிற கட்டையில், அன்னம்மாள் மாட்டப்பட்டிருந்தாள். ஆணியைக் காணோம். அது இருந்த இடத்திலேயே வழவழப்பான ஒரு சின்ன மரமுளை. விரிசலைத் தேடினேன், அதையும் காணோம். மழைக்குப் பிறகு பார்ப்பதாகச் சொன்ன அபெக் வந்துபோனார் என்றாள் அம்மா. அபெக்காவது! இது அன்னம்மாளே தன் கையால் செய்துகொண்ட வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊரைக் கூட்டிச் சொல்லத் துடித்தேன். ஆனால் அற்புதத்தைச் சொல்ல வேண்டுமானால் குற்றத்தையும் சொல்ல வேண்டும். விசுவாசத்தை மனதோடு வைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து, உரிய நாளில், தங்கை பிறந்தாள். அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கிளிகள் பறந்தன. இன்றுவரை குரலில் குறைவில்லை.

அன்னாசிக் கதையை அதன்பின் முப்பது வருடம் சொல்லியிருக்கிறேன். ஞானஸ்நான விருந்துகளில், பிறந்தநாட்களில், தங்கையின் கல்யாணத்தில் சம்பந்திகளுக்கு நடுவில். "ஒரு துண்டு அன்னாசிக்குப் பெத்த பிள்ளையை விலை பேசினவங்க எங்கம்மா," என்று ஆரம்பிப்பேன். சபை சிரிக்கும். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பாள். அம்மா போன பிறகும், அவளை நினைக்கிற ஒரு வழியாக, அதையேதான் சொல்லிவந்தேன்.

போன கிறிஸ்துமஸ் விருந்தில் ஆரம்பித்தபோது தங்கை என் கையைப் பிடித்து அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"போதும் அண்ணே. அம்மா அன்னைக்கு அன்னாசியும் தின்னல, ஒண்ணும் தின்னல."

"பின்னே?"

"நான் மூத்தவனை உண்டாகியிருந்தப்ப பக்கத்து வீட்ல ஆணி அடிச்சாங்க. நான் பயந்து அழுதேன். அப்ப அம்மா சொன்னாங்க. ஆணியெல்லாம் ஒண்ணும் பண்ணாது, நீ வயித்துல இருக்கையில உன் அண்ணன் பதினொரு அடி அடிச்சான், நீ என்ன பொறக்கலியான்னு."

அம்மா தூங்கவில்லை. அன்று விடிந்ததிலிருந்தே வலி. யாரிடமும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். முதல் அடி கேட்டதும் எழுந்து வந்திருக்கிறாள். கதவு இடுக்கில் பார்த்தால், மகன் மந்திரம் சொல்லிச் சொல்லி அடித்துக்கொண்டிருக்கிறான். திரும்பிப் போய்ப் படுத்துவிட்டாள். "ரெண்டு போயிடுச்சு, இதுவும் போனா போகட்டும், ஆனா அது இவன் தலையில விழுந்துடக் கூடாதுன்னுதான் அன்னாசின்னேன்" என்றாளாம் தங்கையிடம். அபெக் வந்தபோது படத்தை நகர்த்திக் காட்டி, வாயில் விரலை வைத்திருக்கிறாள். அவருக்கு அந்த ஒரு சைகை போதுமாக இருந்தது. அவர் பேசாத மனிதராக இருந்ததற்காக நான் இத்தனை வருடம் கழித்து நன்றி சொல்கிறேன்.

ஆணியடித்த அன்றைய சாயங்காலத்தை இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். மருத்துவச்சி வெந்நீர் கேட்கக் கீழே போயிருந்தார். அப்பா வராந்தாவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அறையில் அம்மாவும் நானும்தான். கொலைக்குற்றத்திலிருந்து விடுதலையாகி அரைமணி நேரம் ஆகியிருந்தது. பயம் போன இடத்தில் எனக்குக் கோபம் வந்து உட்கார்ந்திருந்தது. கட்டிலருகே போய் நின்றேன்.

"எனக்கு ஒரு துண்டுகூட வைக்காம நீயே தின்னுட்டியேம்மா."

அம்மாவுக்கு அந்த நேரம் ஒரு வலி வந்துகொண்டிருந்தது. அது வந்து, நின்று, போகும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"தப்புதான் ராசா. இனிமே உனக்குக் குடுக்காம திங்க மாட்டேன்."

நான் பெரிய மனது பண்ணி அம்மாவை மன்னித்துவிட்டு, கீழே விளையாடப் போனேன்.